எந்தக் குரூப்?

மே மாதத்தில் தமிழ்நாட்டில் இரண்டு விதமான உஷ்ணங்கள் உண்டு. ஒன்று அக்கினி நட்சத்திரம். மற்றொன்று பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு. முதல் உஷ்ணத்துக்கு மோர் இருக்கிறது, இளநீர் இருக்கிறது. இரண்டாவதற்கோ, உறவினரில் யார் நாலு எழுத்து எழுதுகிறவரோ அவரைக் கூப்பிட்டு யோசனை கேட்பதுதான் பரிகாரம் என்று நம் ஜனங்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையின் பயனாகத்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் தாம்பரத்தில் பஸ் ஏறி, படப்பை வழியாக ஒரகடம் போய்ச் சேர்ந்தேன்.

என் தங்கை அங்கே வாடகை வீட்டில் குடியிருக்கிறாள். அவள் புருஷன் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆப்பரேட்டர். ஒரே பெண். அரசினர் மேல்நிலைப் பள்ளியில் படித்துப் பத்தாவது தேறியிருந்தாள். 500-க்கு 441 மார்க். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கை ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பதினோராம் வகுப்பில் சேருவதற்கான விண்ணப்பம்.

"அண்ணா, இதுல குரூப்புங்கிற இடம் மட்டும் காலியா இருக்கு. நீ சொல்லு, போட்டுடலாம். எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை. இவரு என்னடான்னா பயாலஜி பயாலஜின்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு."

"நான் சும்மா சொல்லலை மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "பயாலஜி எடுத்தா நர்சிங்காவது போகலாம். ஆஸ்பத்திரி எந்தக் காலத்துலயும் மூட மாட்டான். கம்பெனி அப்படியா? இன்னிக்கு இருப்பான், நாளைக்கு கேட்டுல பூட்டுத் தொங்கும். அதோட இப்ப கம்ப்யூட்டரே ப்ரோக்ராம் எழுதுதாமே. அப்புறம் இவ எதை எழுதறது?"

சம்பந்தப்பட்ட பெண் மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் உடனே கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. யோசனை சொல்ல அழைக்கப்பட்ட இந்தப் பிரகஸ்பதி பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வருவது மரியாதையல்லவே! "இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்" என்று சொல்லி அங்கேயே தங்கினேன். இந்தக் 'குரூப்' என்னும் சங்கதி எங்கிருந்து வந்தது, கம்ப்யூட்டர் என்பது எப்படிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து பாடமாயிற்று என்று எனக்குத் தெரிந்ததையும், தெரிந்துகொண்டதையும் கோத்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குரூப் என்று ஒன்று இல்லாமலிருந்த காலமும் உண்டு. அதில் அகப்பட்டுக்கொண்டு தவித்தவர்களில் முதல்வர் கணித மேதை ராமானுஜன். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காததால் அந்தச் சம்பளத்தை இழந்தார். 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அப்போதிருந்த எஃப்.ஏ. பரீட்சையில் உடலியலும் கட்டாயப் பாடம். மனிதனுடைய ஜீரண உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பது அவருக்குக் கடைசிவரை ஜீரணமாகவில்லை. 1907-ல் மறுபடி எழுதியும் தேறவில்லை. உலகம் போற்றிய அந்த மூளைக்குப் பட்டப் படிப்பின் கதவு மூடியதில் உடலியலுக்கும் ஒரு பங்கு உண்டு. கணக்கா, உயிரியலா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அன்று இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடிகிறதா?

பிறகு எஃப்.ஏ. போய் இண்டர்மீடியட் வந்தது. அதோடு குரூப்புகளும் வந்தன. கணக்கு, பௌதிகம், ரசாயனம் என்றால் முதல் குரூப். இண்டர்மீடியட்டும் 1950களின் நடுவில் போய், பி.யு.சி. வந்தது. கோத்தாரி தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்து, பத்து வருஷம் பொதுப் படிப்பு, இரண்டு வருஷம் மேல்நிலை, மூன்று வருஷம் பட்டம் என்று வகுத்துக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தது. பரீட்சையின் பெயர் மூன்று முறை மாறியும் 'ஃபர்ஸ்ட் குரூப்' என்கிற பேச்சு மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் கல்யாணத் தரகர் முதல் காய்கறிக்காரர் வரை, "பிள்ளை ஃபர்ஸ்ட் குரூப்பா?" என்று விசாரிக்கிறார்கள். பதினைந்து வயதில் ஒரு குழந்தை காகிதத்தில் போடும் ஒரு கோடு அதன் பிறகு அதனுடைய ஜாதகத்தைவிட அதிகமாகப் பார்க்கப்படுகிறது.

நான் பத்தாவது தேறியது 1996-ல். எங்கள் பள்ளியில் அப்போதுதான் கம்ப்யூட்டர் குரூப் ஆரம்பித்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. மாடியில் கடைசி அறை. கண்ணாடிக் கதவு. பள்ளிக்கூடத்திலேயே ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான். தலைமையாசிரியர் அறையில்கூட மின்விசிறிதான். உள்ளே ஆறு யந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளை அழைப்புக்குப் போர்த்துகிற மாதிரி உறை. வாசலில், 'காலணிகளை வெளியே விடவும்' என்று பலகை. நாங்கள் மற்ற குரூப் பையன்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்போம். உள்ளே இருப்பவர்கள் ஏதோ கர்ப்பக்கிருகத்துக்குள் இருப்பதுபோல மெதுவாகப் பேசுவார்கள். அந்தக் குரூப்பில் சேர மார்க்கும் வேண்டும், தனிக் கட்டணமும் வேண்டும். எனக்கு முதலாவது இருந்தது. இரண்டாவதைக் கட்டுவதற்கு என் தகப்பனார் கடன் கேட்டுப் புறப்பட்டபோது, நானே தடுத்து வேறு குரூப்பில் சேர்ந்துவிட்டேன். தியாகம் ஒன்றுமில்லை, கதவுக்கு உள்ளே இருந்தவர்களின் முகத்தைப் பார்த்து எனக்கு ஒரு பயம்.

என் தகப்பனார் கடன் கேட்கப் புறப்பட்டார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அவர் வங்கியில் குமாஸ்தா. 1980களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனவர். பத்துப் பேர் செய்கிற வேலையை ஒரு பெட்டி விழுங்கிவிடும் என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அவர் மட்டுமல்ல, நாடே அப்படித்தான் நினைத்தது. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவுக்கு யந்திரம் கொண்டுவர முயன்றபோது ஊழியர்கள் கட்டடத்தையே காவல் காத்தார்கள். ஐ.பி.எம். கம்பெனி 1978-ல் இந்தியாவைவிட்டே கிளம்பிப் போனது, அது வேறு காரணத்துக்காக. 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, இத்தனைக்குள் இத்தனை யந்திரம் என்று வரையறுத்துக் கதவைக் கொஞ்சம் திறந்தன. பதின்மூன்று வருஷம் கழித்து, கோஷம் போட்ட அதே மனிதர் தம் பிள்ளையைக் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்க்கக் கடன் தேடினார். மனிதன் கொள்கையை மாற்றிக்கொண்டான் என்று இதைக் கேலி செய்யலாம். நான் செய்ய மாட்டேன். யந்திரத்துக்கு எதிரில் நின்று தோற்றவன், தன் பிள்ளையாவது யந்திரத்துக்குப் பின்னால் நிற்கட்டும் என்று நினைத்தான், அவ்வளவுதான்.

இந்த யந்திரம் நம் நாட்டுக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. ஆனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் மகலனோபிஸ் நடத்திய புள்ளியியல் நிலையத்தில் 1956-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒன்று இயங்கத் தொடங்கியது. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்களே கட்டிய யந்திரம் 1960-ல் வேலை செய்தது. இரண்டு வருஷம் கழித்து ஜவாஹர்லால் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று நாமகரணம் செய்தார். ஆனால் இவையெல்லாம் விஞ்ஞானிகளின் உபயோகத்துக்கு. மாணவர்களுக்கு இது ஒரு படிப்பு என்று ஆனது கான்பூர் ஐ.ஐ.டி.யில். 1963-ல் ஐ.பி.எம். 1620 என்னும் யந்திரம் அங்கே வந்திறங்கியது. அங்கே பாடம் சொன்னவர்களில் ஒருவர் ராஜாராமன். 1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். 1965-ல் அங்கே மேல்பட்டப் படிப்பில் கணிப்பொறி இயலை ஒரு பாடப் பிரிவாக அமைத்ததில் முக்கியப் பங்கு அவருடையது. 1969-ல் தம் வகுப்புக் குறிப்புகளையே புத்தகமாக்கி, மாணவன் கைக்கு எட்டுகிற விலையில் போட்டார். அதன் பிறகு ஒரு தலைமுறை இந்தியர்கள் அவருடைய புத்தகங்களை வைத்துத்தான் ப்ரோக்ராம் எழுதப் பழகினார்கள். பலர் யந்திரத்தைக் கண்ணால் காணாமலே பழகினார்கள் என்பதுதான் வேடிக்கை. காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அதை அட்டையில் துளை போடுவார்கள். மறுநாளோ மறுவாரமோ 'பிழை' என்று பதில் வரும். சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெரிய யந்திரம் 1973-ல் வந்தது. அதெல்லாம் கல்லூரிக்கு மேற்பட்ட சமாசாரம். பள்ளிக்கூடப் பிள்ளை இருபது வருஷமாக வரிசையில் நின்றான்.

வரிசை நகர்ந்தது 1984-ல். மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிமுகத்துக்காக 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நாடு முழுவதற்குமாக 250 பள்ளிகள். கொடுத்த யந்திரம், பிரிட்டிஷ் பள்ளிகளுக்காக ஏக்கார்ன் கம்பெனி தயாரித்த பி.பி.சி. மைக்ரோ. அதன் ஞாபக சக்தி 32 கிலோபைட். இன்றைக்கு என் மாப்பிள்ளை பையில் வைத்திருக்கும் கைபேசியில் ஒரு சாதாரணப் புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. இருந்தாலும் அது பள்ளிக்கூடத்துக்குள் வந்த முதல் விளக்கு. திட்டத்தின் நோக்கம் ப்ரோக்ராம் கற்பிப்பதல்ல, 'அறிமுகம்' மட்டுமே என்று வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர்களுக்குச் சில வாரப் பயிற்சி. பாட நிரல்களில் பெரும்பகுதி அந்நிய தேசத்துச் சரக்கு, ஆங்கிலத்தில். அறிமுகம் என்ற அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் வந்த எல்லாக் கோளாறுக்கும் வித்து என்பது என் அபிப்பிராயம். விருந்தாளியை அறிமுகம் செய்வார்கள். வீட்டு மனிதனை யாராவது அறிமுகம் செய்வார்களா?

அதே வருஷம் அக்டோபர் 31-ல் ராஜீவ் காந்தி பிரதமரானார். பதவியேற்ற சில வாரங்களுக்குள், நவம்பரில், புதிய கம்ப்யூட்டர் கொள்கை வெளியாயிற்று. யந்திரங்களையும் உதிரிப் பாகங்களையும் வரவழைப்பதில் இருந்த கெடுபிடிகள் தளர்ந்தன. கம்ப்யூட்டரில் மோகம் கொண்டவர் என்று கட்சியிலேயே அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. அந்த மனிதரின் ஆயுள் 1991 மே 21-ஆம் தேதி இரவு முடிந்தது எங்கே? என் தங்கை வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஸ்ரீபெரும்புதூரில். 2003-ல் அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகளை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். கல் தூண்களைச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது, "பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததற்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு, தெரியுமா?" என்றேன். "இவரு இங்க செத்துப்போனாருன்னுதான் மாமா தெரியும்" என்றாள். நம் சரித்திரப் படிப்பு அப்படி.

அங்கிருந்து எம்பெருமானார் சந்நிதிக்கும் போனோம். 1017-ல் ராமானுஜர் அவதரித்த ஸ்தலம் அது. திருக்கோஷ்டியூரில் தமக்கு ரகசியமாக உபதேசிக்கப்பட்ட மந்திரத்தை, கோபுரத்தின் மேல் ஏறி நின்று எல்லோருக்கும் கூவிச் சொன்னார் என்று வைஷ்ணவ மரபு சொல்கிறது. வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது அந்தப் பழைய கண்ணாடிக் கதவும், பலகையும் ஞாபகத்துக்கு வந்தன. அதைப் பெண்ணிடம் சொன்னேன். "எங்க ஸ்கூல் லேப்லயும் செருப்பு வெளியதான் மாமா விடணும்" என்றாள் சிரித்துக்கொண்டு. "ஆனா எல்லா குரூப்பும் போகலாம்."

அந்த 'எல்லா குரூப்பும்' சுலபத்தில் வந்துவிடவில்லை. 1990களில் கம்ப்யூட்டர் கல்வி என்பது பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் பண்டமாகத்தான் இருந்தது. பள்ளிக்கு வெளியே 1981-லேயே என்.ஐ.ஐ.டி. தொடங்கியிருந்தது, 1986-ல் ஆப்டெக் வந்தது. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த இடங்களில் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகள் தொங்கின. தட்டச்சு யந்திரம் கற்றவன் குமாஸ்தாவானான். இதைக் கற்றவன் அமெரிக்கா போவான் என்றார்கள். தமிழ்நாட்டு அரசினர் மேல்நிலைப் பள்ளிகளில் 1999-ஐ ஒட்டித்தான் இந்தப் பாடம் பரவலாக வந்தது. எல்காட் நிறுவனம் மூலமாகத் தனியார் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்து, யந்திரமும் ஆசிரியரும் சேர்த்து வரவழைத்தார்கள். மற்றப் பாடங்களுக்கு வாத்தியார் இருந்தார். இதற்கு மட்டும் ஒப்பந்தக்காரரின் ஆள் இருந்தார்! அவர்களுடைய சம்பளமும், பணி நிரந்தரமும் பல வருஷம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கின. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அரைகுறை ஏற்பாட்டினால்தான் கிராமத்துப் பிள்ளை ஒருவன் முதன்முதலாகக் கீபோர்டில் விரல் வைத்தான். 2011 செப்டம்பர் 15-ல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, கூரை வீட்டுக்குள்ளும் யந்திரம் போயிற்று. சிலர் அதில் சினிமா பார்த்தார்கள் என்று குறை சொன்னார்கள். பார்த்தால் என்ன? பணக்கார வீட்டுப் பிள்ளை மட்டும் அதில் பாராயணமா செய்துகொண்டிருந்தான்?

இனிமேல்தான் விஷயத்தின் முடிச்சுக்கு வருகிறேன். பாடம் வந்தது, பரீட்சை வந்தது, மார்க்கும் வந்தது. ஆனால் பொறியியல் சேர்க்கைக் கணக்கில் அந்த மார்க் செல்லாது!

பொறியியல் கல்லூரியில் சேர 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. அதை நீக்க 2006-ல் சட்டம் இயற்றி, 2007 முதல் பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் கொடுக்கிறார்கள். கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக 200. இதுதான் 'கட்-ஆஃப்'. கம்ப்யூட்டர் சயின்ஸில் நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்கும், அந்தப் பாடத்தை எடுக்காதவனுக்கும் இந்தக் கணக்கில் பேதமில்லை. கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்கப் போகிறவன்கூடப் பள்ளியில் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. மறுபுறம், கணக்கோடு உயிரியல் எடுத்தவனுக்கு இன்ஜினீயரிங், டாக்டர், நர்சிங், கால்நடை மருத்துவம் என்று எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் எடுத்தவனுக்கு வைத்தியத்தின் கதவு அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை. ஆகவே லாப நஷ்டம் பார்க்கிற எந்தத் தகப்பனும் உயிரியல் என்றுதான் சொல்வான். என் மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றதில் தப்பே இல்லை.

இந்த விசித்திரம் இயற்கையாக உண்டானதல்ல, நாமாகச் செய்துகொண்டது. பக்கத்துக் கேரளத்தில் 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தை ஆரம்பித்து, உயர்நிலைப் பள்ளி வகுப்புகளிலேயே கம்ப்யூட்டரைப் பொதுப் பாடமாக்கினார்கள். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதுக் குழந்தையிலிருந்தே ப்ரோக்ராம் கற்பிப்பது கட்டாயமாயிற்று. அங்கெல்லாம், "எடுப்பதா, வேண்டாமா?" என்ற கேள்வி பதினைந்து வயதில் பூதம்போல எழுந்து நிற்பதில்லை. முன்னாலேயே கொஞ்சம் ருசி பார்த்திருப்பார்கள். ருசி தெரியாத பதார்த்தத்தை இலையில் போடச் சொல்லலாமா வேண்டாமா என்று கேட்டால் குழந்தை என்ன சொல்லும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையோடு காலாற நடந்தேன். அந்தப் பிரதேசத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரிக்கரைக்கு ஒரு பக்கம் மாடு மேயும். மறுபக்கம் சிப்காட்டின் அகலச் சாலையில் கார் ஏற்றிய லாரிகள் ரயில் மாதிரி நீளமாகப் போகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-ல் அடிக்கல் நாட்டி 1998-ல் காரை வெளியே விட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் 2010-ல் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை திறந்தபோது, பிளஸ் டூ முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பர் முதல் தேதியோடு அது உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. பின்னர் வேறு கம்பெனிகள் வந்தன. சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஐபோன் தயாராகிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கென்றே ஒரு விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். ஒரு சிறு நகரமே அது!

"இங்க கேட்டுல எந்தக் குரூப்புன்னு யாரும் கேக்கறதில்ல மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "பிளஸ் டூவா? கண்ணு நல்லாத் தெரியுதா? எட்டு மணி நேரம் நிப்பியா? அவ்வளவுதான். கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணும் ஸ்க்ரூதான் முடுக்குது, காமர்ஸ் படிச்ச பொண்ணும் ஸ்க்ரூதான் முடுக்குது."

சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு அவராகவே சொன்னார். அவர் பதினோரு வருஷமாக நிற்கிற லைனில் ஒரு யந்திரக் கை இருக்கிறது. அதன் சத்தத்தை வைத்தே அதற்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். ஆனால் அதன் பேனலைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை. ப்ரோக்ராமில் கோளாறு என்றால் லைன் நின்றுவிடும். பெங்களூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ ஒரு சர்வீஸ் இன்ஜினீயர் வருவான். "சின்னப் பையன். மீசைகூடச் சரியா முளைக்கலை. லேப்டாப்பை ஒயர்ல மாட்டி அஞ்சு நிமிஷம் தட்டுவான். கை ஓட ஆரம்பிச்சிடும். அவன் வர்ற வரைக்கும் நாங்க பதினெட்டுப் பேரு கையைக் கட்டிக்கிட்டு நிப்போம். என்ன தம்பி செஞ்சேன்னு ஒரு தடவை கேட்டேன். உங்களுக்குப் புரியாதுண்ணேன்னுட்டான்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை.

நான் அவருடைய மற்றொரு கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்னேன். கம்ப்யூட்டரே ப்ரோக்ராம் எழுதும்போது மனிதன் எதற்கு என்று கேட்டாரல்லவா? இந்தக் கேள்விக்கு அறுபது வயதுக்கு மேலாகிறது. 1957-ல் ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸும் அவர் கூட்டாளிகளும் 'ஃபோர்ட்ரான்' என்ற மொழியைக் கொண்டுவந்தபோது அதையும் தானாகவே குறியீடு எழுதும் முறை என்றுதான் விளம்பரம் செய்தார்கள். அதன் பிறகுதான் ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். இந்தத் தடவையும் அப்படியே நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நடக்காமலும் போகலாம். ஆனால் யந்திரம் எழுதியதைச் சரியா தப்பா என்று படித்துப் பார்க்கவாவது ஒருவருக்குத் தெரிய வேண்டுமே! வீட்டுப் பத்திரத்தை வக்கீல் குமாஸ்தாதான் எழுதுகிறார். அதற்காக நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்காமல் இருக்கிறோமா?

திரும்பி வந்தபோது பெண் விளக்கடியில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மேல் வகுப்புத் தோழியிடம் இரவல் வாங்கியதாம். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல், தமிழ் வழி. 2018-ல் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தபோது வந்த புத்தகம். பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று வைத்திருக்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன். கதை எழுதுகிறவனுக்கு அதில் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளைக்கு 'மடக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வந்த சொல்லே மறுபடி வந்து வேறு பொருள் தருவதை நம் இலக்கணக்காரர்கள் மடக்கு என்றுதான் சொன்னார்கள். மதிப்பு மாறிக்கொண்டே இருப்பதற்கு 'மாறி'. வரிசையாக நிறுத்தியதற்கு 'அணி'. இதையெல்லாம் தமிழாக்கிய முகம் தெரியாத வாத்தியாருக்கு மனத்துக்குள் ஒரு நமஸ்காரம் போட்டேன்.

"உனக்கு எதும்மா பிடிக்கும்?" என்று, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போது கேட்டேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "போன வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பா கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனாங்க மாமா. அந்தக் கை, ஒரு பொருளை எடுத்து வைச்சிட்டு, திரும்பிப் பார்த்துட்டு, மறுபடியும் எடுத்துச்சு. எங்கே நிக்கணும்னு அதுக்கு யாரு சொல்றாங்கன்னு அப்பாவைக் கேட்டேன். தெரியலைன்னாங்க. அது தெரியணும் எனக்கு."

மாப்பிள்ளை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அதன் பிறகு எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னேன். உயிரியல் எடுத்தால் கதவுகள் அதிகம். கம்ப்யூட்டர் எடுத்தால் நர்சிங் போவது கஷ்டம். பிற்பாடு மனம் மாறினாலும் கஷ்டம்தான். இதில் வாங்கும் மார்க் கட்-ஆஃப் கணக்கில் சேராது. கணக்கும் பௌதிகமும் ரசாயனமும் தனியே படித்தாக வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கல்லூரிகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்கி 2021-ல் சட்டம் வந்திருக்கிறது, அது இரண்டு குரூப்புக்கும் பொது. இன்ஜினீயரிங் கிடைக்காவிட்டால் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி., பி.சி.ஏ. இருக்கிறது. 1946-ல் அமெரிக்காவில் 'எனியாக்' என்ற ராட்சத யந்திரத்துக்கு முதன்முதலில் ப்ரோக்ராம் செய்தவர்கள் ஆறு பெண்கள் என்பதையும் சொல்லிவைத்தேன். அது அவளுக்கல்ல, என் தங்கைக்கு.

"மார்க் சேராதுன்னா பரவாயில்லை மாமா," என்றாள் பெண். "அப்ப பயப்படாம படிக்கலாம்."

நான் வாயடைத்துப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பயந்து நின்ற ஒருவனிடம் அவள் இதைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

அன்றைக்கு அவருக்கு ராத்திரி ஷிப்ட். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐ.டி. கார்டைத் தேடினார். கைபேசியை எடுத்து அலமாரியில் வைத்தார். அவர் வேலை செய்யும் இடத்துக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாதாம். விண்ணப்பத்தை வாங்கி, சுவரில் வைத்து, தகப்பனார் கையெழுத்து என்ற இடத்தில் போட்டார். பேனா முதலில் எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டார். குரூப் என்ற இடம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

"நீயே எழுதிக்கோ" என்று சொல்லிக் காகிதத்தைப் பெண்ணிடம் கொடுத்தார்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். பெண் குனிந்து, 'கணினி அறிவியல்' என்று நிதானமாக எழுதினாள். அதற்கு மேல் வரியில் தகப்பனார் உத்தியோகம் என்று ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. வாசலுக்கு ஓடினாள்.

"அப்பா! உன் போஸ்ட் என்னன்னு போடறது?"

பஸ் அதற்குள் திரும்பிவிட்டது.